ஒரு நாள் பட்டினி

அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னலில் பிற்பகல் வெயில் சாய்ந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஜலஜா ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்க்கிறாள். மயிலாப்பூர் ரோஸ் மில்க்கில் பாலை மட்டும் எடுத்துவிட்டாற்போல, உள்ளே செல்களுக்கான தீனி நீர் தளும்புகிறது. அடியில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருப்பவை அவள் மகள் ஹம்சினியின் செல்கள். பரிசோதனைக்கென்று தோலிலிருந்து கிள்ளி எடுத்தவை. குழந்தை போன பிறகும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் கைனேஸ் என்ற புரதம் அடங்காமல் ஆடுகிறது. அதனால் செல்லின் நடுவே ஒன்றாக இருக்கவேண்டிய சென்ட்ரோசோம் என்ற நுண்புள்ளி இரண்டாக விலகிப்போகிறது. அதிலிருந்து எழும்பவேண்டிய நுண்மயிர் முளைப்பதே இல்லை. அது இல்லாமல்தான் ஹம்சினியின் சிறுநீரகம் கெட்டது. கைனேஸை மருந்தால் அடக்கினால் முளைக்குமா என்று பார்க்கவேண்டும். ஆனால் வயிறு நிறைந்த செல்லில் நுண்மயிர் வராது. முதலில் தீனியை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு நாள் பட்டினி போடவேண்டும். உறிஞ்சுகுழாயை உள்ளே விடுகிறாள். அது கண்ணாடியில் இடித்து டிங்கென்று ஒலிக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் ஹம்சினி காலி டம்ளரைத் தட்டிய அதே ஒலி. சிறுநீரகம் பழுதான குழந்தைக்குத் தண்ணீரை அளந்துதான் தரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'இன்னும் ஒரே ஒரு வாய்ம்மா' என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜலஜா தரவில்லை. குழாயைப் பிடித்த கை அசையாமல் நிற்கிறது.

மாணவி சிந்து கதவருகே வந்து எட்டிப்பார்க்கிறாள். "மேடம், தீனிய எடுத்துட்டீங்களா? மருந்து கலக்கட்டுமா?"

ஜலஜா குழாயை வெளியே எடுக்கிறாள். பக்கத்துப் புட்டியிலிருந்து புதுத் தீனியைக் குடுவைக்குள் மெல்லச் சாய்க்கிறாள்.

"செத்த இரு, சிந்து" என்கிறாள், தூங்கும் குழந்தை அருகில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி. "சாப்ட்டுண்டிருக்கா."