ரோபோவின் குரல்

மெக்சிகோ நகர டப்பிங் அறை. திரையில், இறந்துபோன கணவனின் உருவில் வந்து நின்ற ரோபோவைக் கண்டு கதாநாயகி மிரண்டாள். அவளுக்கு ஸ்பானிஷில் குரல் கொடுத்த ஹசிந்தாவின் குரலில் நடுக்கமே இல்லை.

"பயப்படும்மா! ரோபோவுக்குப் பேசினது உன் புருஷன்கறதால கொஞ்சறியா?" என்று கடுகடுத்தார் இயக்குநர் எவரார்தோ.

"ஃபெர்மின் குரலைக் கேட்டு நாளாச்சு. பயம் வரமாட்டேங்குது."

"நாளாச்சா? காலையிலதானே பதிவாச்சு!"

ஹசிந்தா அவர் பக்கம் திரும்பினாள். "தொண்டை ஆபரேஷன் ஆகி பத்து நாளா வீட்ல எழுதித்தான் காட்டறார். காலையில யார் பேசினது?"

எவரார்தோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரோட பழைய பதிவை வச்சு மெஷின்லயே அவர் குரலை உண்டாக்கி... கம்பெனி முடிவும்மா. டேக் போலாமா?"

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீ... யாரு?" அவள் குரல் தானாகவே நடுங்கியது.

"என்னைத் தெரியலையா கண்ணு? உன் புருஷன்தான்" என்றது ஹெட்போனில் ஃபெர்மினின் குரல்.