இறா மேல் மூடிய இலை

பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில் கூடை திறந்து கிடக்கிறது. கையால் பிடித்த இறா வெயிலில் காயாதிருக்க, காட்டூர் ஆய்வுப் பண்ணையில் நாருக்காக வளர்த்த செடியிலிருந்து கழித்துப்போட்ட இலையால் மூடிவந்த தேவேந்திரனை எஸ்.ஐ. ஜீப்புக்கு இழுக்கிறார். "கஞ்சா! இறாவுக்கே போதை ஏத்துறியாடா?" "கஞ்சாவும் இந்த நார்ச்செடியும் ஒரே இனந்தான் சார்," என்கிறாள் சேதி கேட்டு ஸ்கூட்டரில் விரைந்துவந்த பண்ணை விஞ்ஞானி வினோதினி. "ஆனா போதையை உண்டாக்குற மரபணு இதுல வேலை செய்யாது." அவள் கொண்டுவந்த சோதனைக் குழாயின் திரவத்தில் இலைத் துணுக்கு விழுகிறது. கஞ்சாவென்றால் நீலம், நார்ச்செடியென்றால் ரோஜா நிறம். தேவேந்திரனின் மனைவி செவ்வந்தி கூடையருகே நின்று குழாயையே பார்க்கிறாள். கூடையில் ஓர் இறா துள்ளுகிறது. திரவத்தில் மெல்ல ரோஜா நிறம் படர்கிறது. எஸ்.ஐ.யின் பிடி தளர்கிறது. "இன்னா சார் நீ, இறா காயுது பாரு," என்றபடி செவ்வந்தி அதே இலையை வாரி மூடுகிறாள்.