வைரஸ் எடுக்க வந்தவர்

சோப்புக் கம்பெனி வாசலில் காவலாளி அவனுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், ஒரு பென் டிரைவ். பென் டிரைவை மட்டும் எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“போகும்போது வாங்கிக்கங்க. உள்ள கொண்டு போகக் கூடாது. மேனேஜர் உத்தரவு.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வந்த காரியமே அந்தப் பென் டிரைவை நம்பித்தான்.

தொழில் வட்டாரத்தில் அவனுக்குக் ‘குறுக்குவழி’ என்று பெயர். பூட்டை உடைக்க மாட்டான், சுவர் ஏற மாட்டான். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரி கட்டளை தட்டுவான். மற்றவர்கள் மாதக்கணக்கில் தேடுவது அரை மணியில் அவன் கைக்கு வந்துவிடும். போட்டிக் கம்பெனி முதலாளி அவனை வலைவீசிப் பிடித்ததும் அதனால்தான்.

“அவங்க புது சோப்புல மூணு மடங்கு நுரை வருமாம்ப்பா. அந்தக் கலவை எழுதின ஃபைல் மேனேஜர் கம்ப்யூட்டர்லயே இருக்காம். என் டிரைவர் காதாரக் கேட்டுட்டு வந்தான். வைரஸ் எடுக்க ஆள் தேடறாங்களாம். நீயே போ. அது இல்லாம திரும்பி வராதே!”

பென் டிரைவ் போனால் என்ன? ஃபைலைக் கண்டுபிடித்து அந்த ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போயிற்று.

மேனேஜர் எழுந்து நின்றே வரவேற்றார். தன் அறையையும் நாற்காலியையும் அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

“மெஷின் ஆமை மாதிரி நகருது சார். வைரஸ் எங்க பதுங்கியிருக்கோ! ஒரு ஃபைல் விடாம பார்த்துடுங்க. கையில மாட்டுச்சுன்னா சொல்லுங்க. என் மச்சான் போலீஸ்ல இருக்கார், பிடிச்சுக் கொடுத்துடலாம்.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு வெளியே போனார். குறுக்குவழிக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தான். ‘புதிய ஃபோல்டர்’ என்று ஒன்று. அதற்குள் ‘புதிய ஃபோல்டர் 2’. அதற்குள் இன்னும் நாற்பது. மொத்தம் நாற்பத்தோராயிரம் ஃபைல்கள். ‘கடிதம்’, ‘கடிதம் வேற’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’, ‘இதுதான் கடைசி சத்தியமா’. பதினெட்டு வருஷம் யார் யாரோ செய்த பாவம்.

இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று முதல் கட்டளையைத் தட்டினான். ‘நுரை’ என்ற சொல் உள்ள ஃபைல்களை மட்டும் காட்டு.

முப்பத்தெட்டாயிரம் வந்து நின்றன. ‘உங்கள் சோப்பில் நுரையே வரவில்லை.’ ‘நுரை கண்ணில் பட்டு எரிகிறது.’ ‘நுரை வந்தது, இன்னும் போகவில்லை.’

சோப்புக் கம்பெனியில் நுரையைத் தேடுவது கடலில் உப்பைத் தேடுவது போல என்று அப்போதுதான் உறைத்தது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெரிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத உட்கார்ந்தான். ஒவ்வொரு ஃபைலாகத் திற. தேதியையும் முதல் வரியையும் படி. அதையே பெயராக வை. அந்தந்த வருஷத்து ஃபோல்டருக்குள் போடு. புகாரைத் தனியே பிரி, லீவு லெட்டரைத் தனியே பிரி. ஒன்றே இரண்டாக இருந்தால் ஒன்றை அழி. எதிலும் சேராமல் கடைசியில் மிஞ்சுவதுதான் கலவை ஃபைல்!

ஸ்கிரிப்ட் ஜோராக ஓடியது. பிறகு முரண்டு பிடித்து நின்றது. எவனோ ஒரு புண்ணியவான் தேதி போட வேண்டிய இடத்தில் எல்லாம் ‘போன செவ்வாய்’ என்று எழுதி வைத்திருந்தான். அந்த அறுநூறு ஃபைல்களையும் குறுக்குவழி கையாலேயே திருத்தினான். வாழ்க்கையில் அவன் நேர்வழியில் செய்த முதல் வேலை அது.

இரண்டாம் நாள் டைப்பிஸ்ட் அம்மா டீயோடு வந்தார்.

“தம்பி, ‘பழசு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அதைப் பார்த்தீங்களா? வைரஸ் அங்கதான் குடியிருக்கும்னு எனக்குத் தோணுது.”

“பார்த்துடறேன்மா.”

“அப்படியே ‘ரொம்பப் பழசு’ம்.”

திருடனுக்கே வழி காட்டுகிறாரே, வெள்ளந்தி மனுஷி என்று அவருக்காக மனசுக்குள் பரிதாபப்பட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்கிரிப்ட் முடிந்தது. நாற்பத்தோராயிரம் ஒன்பதாயிரமாகச் சுருங்கி, பதினெட்டு ஃபோல்டர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நின்றது. எதிலும் சேராமல் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியிருந்தது. பெயர், ‘ரகசியம்’.

கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். இடது கையில் போனைத் தயாராகப் பிடித்தபடி ஃபைலைத் திறந்தான்.

உள்ளே ஒரே வரி. ‘மேனேஜரிடம் கேட்டு டைப் செய்ய வேண்டும்.’

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு எழுந்து வெளியே வந்தான்.

“வைரஸ் எடுத்தாச்சு சார்.”

மேனேஜர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதைப் பார்க்கச் சகிக்காமல், பென் டிரைவைக்கூட வாங்காமல் தெருவில் இறங்கி மறைந்தான் குறுக்குவழி.

மேனேஜர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டைப்பிஸ்ட் அம்மா பின்னாலேயே வந்து நின்றார். நாளை தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் காகிதம், ஏழு வருஷத்துக்கு முந்தைய லைசென்ஸ். மேனேஜர் அந்த வருஷத்தைத் தட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் வந்து நின்றது.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்தப் போட்டிக் கம்பெனி டிரைவர் காதுல மறுபடியும் ஒரு வார்த்தை போட்டு வைங்கம்மா, நுரை ரகசியத்தை மாடியில இருக்கிற மூணு கம்ப்யூட்டருக்கு மாத்திட்டோம்னு.”