நெல்லிக்காட்டில் விழுந்த ஒரு ஓட்டு

திரையில் இருந்த கட்டத்தில் பூஜ்யத்தை அடித்தேன். கட்டம் சிவந்தது.

மறுபடி அடித்தேன். 'விவரம் விடுபட்டுள்ளது' என்றது.

எதுவும் விடுபடவில்லை. கல்வராயன் மலையில் நெல்லிக்காடு வாக்குச்சாவடிக்கு 437 ஓட்டு. மதியம் ஒரு மணி வரை ஒருவர்கூடப் போடவில்லை. ஓடைக்குப் பாலம் வரும்வரை யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்திருந்தது.

"ஒரு ஈ காக்கா உள்ள போவல பாய். ஆபீசருங்க பெஞ்சுல படுத்துக்கினு இருக்காங்க," என்று சொல்லியிருந்தார் பழனி. நெல்லிக்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அங்கே சிக்னல் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொண்டை ஊசி வளைவு வரை இறங்கி வந்து எனக்குப் போன் செய்வார்.

நான் கள்ளக்குறிச்சியில், ஒரு துணிக்கடை மாடியில். சென்னைக் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கத்தில் மாவட்டத்தின் ஓட்டு நிலவரத்தை ஏற்றுவது அன்றைய வேலை. சங்கராபுரத்துக்காரர் போனில் சதவீதம் சொல்வார். ரிஷிவந்தியத்துக்காரர் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்வார். எலவனாசூர்கோட்டையில் வரிசையில் நிற்பவர்களையும் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் ஓட்டு எண்ணிக்கையாக மாறி ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

சென்னையிலிருந்து ரம்யா மேடம் கூப்பிட்டார்.

"அன்சர், உங்க ஒரு பூத்தால மொத்த மாவட்டமும் ஏறாம நிக்குது. பக்கத்து பூத்து அம்பத்திரண்டு சதவீதம்தானே? அதே கணக்குல போட்டு விடுங்க."

எனக்கு ஒப்பவில்லை. பூஜ்யத்துக்கு அடுத்த எண்ணைப் போட்டேன். 1.

கட்டம் பச்சையானது. இருப்பதிலேயே சின்னப் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு சதவீதம் போட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஒன்றை நம்பிவிட்டார்கள்.

மூன்று மணிக்குப் பழனியின் குரல் மாறியிருந்தது.

"இன்னா பாய் இது? நெல்லிக்காட்டுல ஒரு ஓட்டு விழுந்திருக்குதுன்னு கீழ எறங்கினவன் போன்ல படம் புடிச்சிக்கினு வந்துட்டான். யாருடா அந்த ஒருத்தன்னு வூடு வூடா விரல பாத்துக்கினு இருக்கறாங்க."

"யாருக்காவது மை இருக்கா?"

"இல்ல. ஆனா லட்சுமியம்மா பையன் ஜெயப்பிரகாஷ் பெயிண்ட் அடிக்கிறவன். தின்னர் போட்டுத் தேச்ச கை. மைய அழிச்சிட்டான்னு புடிச்சிக் குந்த வெச்சிட்டாங்க. அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம், அதே ஊர்ப் பொண்ணு. பொண்ணோட அப்பன் கல்யாணமே இல்லன்னுட்டான். இவன ஊருக்குள்ளயே விடக்கூடாதுன்னு பேசிக்கினு இருக்கறாங்க."

"பழனிண்ணா, யாரும் ஓட்டுப் போடல. அந்த ஒண்ணு நான் போட்டது."



"நீ போட்டியா? உனக்கு எப்ப பாய் எங்க மலையில ஓட்டு வந்துச்சு?"

விளக்கினேன். கட்டம், சிவப்பு, பச்சை எல்லாவற்றையும்.

"பூஜ்யத்த எடுத்துக்காதா? அப்ப எங்க ஊர இன்னான்னுதான் எழுதுவீங்க?"

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணா. நான் எண்ண மாத்திடறேன்."

"நீயே வந்து சொல்லு பாய்."

"நான் ஏறி வர ரெண்டு மணி நேரமாவும்."

பழனி போனை வைத்துவிட்டார்.

என் வண்டி கீழேதான் நின்றது. பெட்ரோலும் இருந்தது.

ரம்யா மேடத்தைக் கூப்பிட்டேன். திருத்தமெல்லாம் ஆறு மணிக்கு மேல்தான், எழுதி அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். படியிறங்கி வண்டி வரை போனேன். மறுபடி ஏறி வந்தேன். சங்கராபுரம் கூப்பிட்டது, எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். 1 அப்படியே இருந்தது. இரண்டாம் முறை சாவியோடு இறங்கினேன். வண்டியைக் கிளப்பினேன். அணைத்தேன்.

ஐந்து இருபதுக்குப் பழனி கூப்பிட்டார்.

"சொன்னேன் பாய். ஒருத்தரும் நம்பல. ஜெயப்பிரகாஷ் குடுத்த காசுக்குப் பேசறியான்னு என்னையே கேக்கறாங்க."

"அந்தப் பையன்?"

"வுட்டுட்டாங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவன் அம்மாதான் பூத்து இருக்கற பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கறது. இன்னிக்கி ஆபீசருங்களுக்கும் அதுதான் சோறு ஆக்கிச்சு. காலையிலருந்து சமையக்கட்டுலயே இருந்துச்சா, அது விரல எவனும் போயி பாக்கல. நாலு மணிக்கு அப்பிடியே உள்பக்கமா பூத்துக்குப் போயி ஓட்டுப் போட்டுது. ஜன்னல் வழியா நான் பாத்தேன் பாய். மை காயறவரைக்கும் அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. அப்புறம் வெளிய வந்து எல்லாருக்கும் விரல காட்டிச்சு. மதியமே போட்டது நான்தான், எம்புள்ள இல்லன்னு சொல்லிச்சு."

"கல்யாணம் என்னாச்சு?" என்றேன்.

"கல்யாணம் நடக்கும். அந்தம்மா மட்டும் வரக்கூடாதாம்."

அங்கே யாரோ ஜீப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

"அஞ்சு மணி நிலவரம் எழுதிக்கோ," என்றார் பழனி. "ஒண்ணு."

ஆறு மணிக்கு ரம்யா மேடம் கூப்பிட்டார். "நெல்லிக்காட்டுக்குத் திருத்தம் கேட்டிருந்தீங்களே, என்னன்னு மாத்தணும்?"

"மாத்த வேண்டாம் மேடம்," என்றேன். "சரியாத்தான் இருக்கு."