வலப்பக்கம் திரும்பினால் மட்டும்

"பானட்டெல்லாம் திறக்க வேண்டாம்மா. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாலே போதும்," என்றார் கமலக்கண்ணன்.

சரண்யா தலையாட்டினாள். ஏற்காட்டில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வாய் குறைவு, காது கூர்மை.

தலைச்சோலை எஸ்டேட் முதலாளி கமலக்கண்ணனின் செல்லம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இருமும். கியர் தானாக நியூட்ரலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காதது போல் பறக்கும்.

"ஷோரூம்லயும் மூணு தடவை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாச்சு. அங்கே போனா மட்டும் சமர்த்தா ஓடுது, கழுதை!"

"வேற யாராவது ஓட்டறாங்களா சார்?"

"சம்சாரத்துக்கே தரமாட்டேன். இருக்கறது ஒரே சாவி. ராத்திரி என் தலையணைக்கு அடியில தூங்கும்." பெருமையாகச் சொன்னவர் மணியைப் பார்த்தார். "பதினோரு மணிக்குச் சேலத்துல காலேஜ் விழா. மூடநம்பிக்கையை ஒழிக்கறது பத்திப் பேசறேன். கார் நடுவழியில நின்னா மானம் போயிடும்."

"வேணும்னா எலுமிச்சம்பழம் சுத்திப் போடட்டுங்களா ஐயா?" வீட்டு வாசலில் நின்ற சமையல்கார கிருஷ்ணம்மாள் சிரிக்காமல் கேட்டாள்.

"பார்த்தியாம்மா? இதுங்களைத் திருத்தவே முடியாது!"

குப்பனூர் மலை ரோட்டில் காரை இறக்கினார்கள். அவர் ஓட்ட, மடியில் லேப்டாப்போடு சரண்யா.

இடப்பக்க வளைவு. ஒன்றுமில்லை.

வலப்பக்க வளைவு. எங்கோ 'டிங்' என்றது. இன்ஜின் இருமியது.

மறுபடி இடது. அமைதி. மறுபடி வலது. டிங்! இந்தத் தடவை கியர் நியூட்ரலில் விழுந்தது.

"சார், திரும்பி ஏறுங்க!" சரண்யாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஏறும்போது இடது வலதாயிற்று. நோயும் வளைவு மாறிக்கொண்டது. மூன்றாவது நடைக்குள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

"வருது, வருது... வலது!"

"டிங்!" என்று சேர்ந்து கத்திச் சிரித்தார்கள்.

"கண்டுபிடிச்சுட்டனுங்க சார். வலப்பக்கம் திரும்பறப்ப உள்ளே ஏதோ ஊஞ்சலாடி ஒயர்ல போய் இடிக்குது."

கமலக்கண்ணனின் சிரிப்பு சட்டென்று நின்றது. வண்டியை நேரே வீட்டுக்கு விட்டார்.

வாசலில் வண்டி நின்றதும், "நேரமாச்சும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றார். அதற்குள் சரண்யா பானட் லிவரை இழுத்துவிட்டாள்.

பானட்டுக்குள், பின்பக்க மூலையில், கறுப்புக் கயிற்றில் தொங்கியது ஒரு செப்புத் தாயத்து. பக்கத்திலேயே இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்ந்து போகிற ஒயர்க் கட்டு. தாயத்து உரசி உரசித் தோல் உரிந்திருந்தது.

"இதை... யாருங்க சார் கட்டினது?"

கமலக்கண்ணன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

காபி கொண்டுவந்த கிருஷ்ணம்மாள் தாயத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தாங்க ஐயா கட்டினேன்."

அவருக்கு உயிர் வந்தது. "நினைச்சேன்! இது விஞ்ஞான யுகம், தெரியுமா? உன் மூடநம்பிக்கைக்கு என் காரா கிடைச்சுது? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

கிருஷ்ணம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

தாயத்தை அவிழ்த்துக் காபித் தட்டில் வைத்துவிட்டு, ஒயருக்கு டேப் சுற்றினாள் சரண்யா. தலை நிமிராமலே கேட்டாள்.

"பானட் லிவர் காருக்குள்ளதானுங்களே சார் இருக்குது?"

"ஆமா, அதுக்கென்ன?"

"சாவி... தலையணைக்கு அடியில."

கமலக்கண்ணனின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது.

"சரி, சரி... கிருஷ்ணம்மா, ராத்திரிக்கு என்ன குழம்பு?"

"ஐயாவுக்குப் புடிச்ச கத்திரிக்காய்க் குழம்புங்க." உள்ளே போய் அவருடைய கோட்டை எடுத்துவந்து மாட்டிவிட்டாள்.

கார் கிளம்பியது. முதல் வலப்பக்க வளைவு. வாசலில் பெண்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இருமல் இல்லை.

"ஏனுங்கக்கா, செய்யாத தப்பை ஏத்துக்கிட்டீங்க? வேலையே போயிருக்குமே?"

"வேலை வேற ஊட்டுல கெடைக்கும் கண்ணு. மானம் போனா அவரு அத எங்க போயி வாங்குவாரு? நொம்ப நல்ல மனுசன், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான்."

சரண்யா காபித் தட்டைப் பார்த்தாள். டம்ளர் மட்டும்தான் இருந்தது.

"தாயத்தை நீங்க எடுத்து வெச்சுக்கிட்டீங்களாக்கா?"

"எனக்கெதுக்கு கண்ணு? எனக்கு இதுலெல்லாம் துளி நம்பிக்கை கெடையாது," சிரித்தாள் கிருஷ்ணம்மாள். "அது இல்லாட்டி மேடையில அவருக்குக் கை நடுங்கும். அதான், கோட்டுப் பாக்கெட்டுல போட்டு உட்டுட்டேன்!"