மருந்துக்கடை வாசல்

மருந்துக்கடையைத் தாண்டும்போது பெட்டி வீல்வீலென்று கத்தியது.

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி. போலீஸ் ராடாரை ஒரு மைலுக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடும். எங்கள் ஒஹாயோவில் காரில் இதை வைத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை. லாரியில் வைத்தால்தான் வம்பு.

டுவேன் கையிலிருந்த காபி அவன் தொடையில் தளும்பியது.

"சனியனே! ஈ காக்கா இல்லாத இடத்துல யாரைப் பார்த்துடா கத்துற?"

கடையின் தானியங்கிக் கதவைப் பார்த்துத்தான். ஆள் வருவதை அறிய அந்தக் கதவு அனுப்பும் அலையும், போலீஸ்காரர் அனுப்பும் அலையும் ஒரே ரகம். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

டுவேன் என் மனைவியின் தம்பி. பதினாறு வருடம் பால் டேங்கர் ஓட்டியவன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு என் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனான். இதே வாசலில், முப்பத்தைந்தில் போக வேண்டியவன் அறுபதில் போய் மாட்டினான். லைசென்ஸில் ஏற்கெனவே பத்துக் குற்றப் புள்ளி. பன்னிரண்டு ஆனதும் ஆறு மாதம் ரத்து. வேலையும் போயிற்று.

இப்போது முட்டைப் பண்ணையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். மச்சான் தங்கமான மனுஷன் என்று அக்காவிடம் சொல்கிறானாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"போலீஸ் நின்ன அன்னைக்கு மட்டும் ஊமை மாதிரி கிடந்துச்சு பாரு மச்சான். இது சும்மா இருக்கேன்னு நம்பித்தான் மிதிச்சேன்."

மிதித்தது அவன் கால்தானே என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா?

பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"இந்த இடத்துல கத்தாதேன்னு இதுக்குச் சொல்லி வைக்க முடியாதா மச்சான்?"

"முடியாதுடா," என்றேன்.

முடியும். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். இடத்தைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் அங்கே அந்த ரக அலை எங்கிருந்து வந்தாலும் வாயைத் திறக்காது.

மார்ச்சில் ஒரு நாள் காலை, தலைவலியோடு வந்தபோது, கத்தல் பொறுக்காமல் நான் அதை அழுத்தினேன். காரைக் கொடுத்த ஞாயிறன்று அவனிடம் சொல்ல மறந்துபோனேன்.

அன்று அவன் காரைத் திரும்ப விட்டுவிட்டுப் போன பிறகுதான் மாட்டிய செய்தி வந்தது. அழுதுகொண்டே தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள் என் மனைவி. அவள் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதற்குள் காரில் உட்கார்ந்து அந்தக் குறியை அழித்துவிட்டேன்.

டுவேன் தொடையைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, கத்தட்டும் விடு மச்சான். என்னை மாதிரி நீயும் மாட்டிக்கக் கூடாதுல்ல."