பக்கத் தையல்

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

கழற்றினார், கழற்றினார், கழற்றிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பெரிய பேருந்தைச் சந்து முனையில் அனாயாசமாகத் திருப்புகிற மனிதருக்கு, ஒரு செருப்பு வார் அவிழ மாட்டேன் என்றது.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை வந்ததிலிருந்து மனிதர் துரும்பாக இளைத்துப்போனார். போதாததற்குக் கொலஸ்ட்ராலும் அளவு மீறி நின்றது. எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்குக் கொழுப்பு எங்கேயிருந்து வரும் என்று நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். ஒல்லியாக இருப்பவர்கள் ரத்தத்திலும் அது இருக்குமாம்.

இந்த உடம்போடு முழு நாளும் வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லி, டாக்டர் அவரைப் பணிமனையில் உட்கார வைத்துவிட்டார். எடை ஏற வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறக் கூடாது. அப்புறம்தான் ஸ்டியரிங்.

அன்றிலிருந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாழைப்பழத்தைப் பாலில் அடித்துச் சர்க்கரை போட்டுக் குடி, வெண்ணெய் தின்னு, கேக் தின்னு, ஒரே மாதத்தில் ஊதிவிடலாம். ஊதலாம்தான். கூடவே வியாதியும் ஊதும். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

மனிதர் எதையும் தொடவில்லை. டாக்டர் சொன்னபடி மூன்று வேளைச் சாப்பாட்டைப் பிரித்து ஆறு வேளையாக ஆக்கிக்கொண்டார். அவித்த கொண்டைக்கடலை, உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மீன், தயிர், முட்டை. எண்ணெய் கரண்டிக் கணக்கு. தின்றது சதையாக வேண்டும் என்று, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்குவார். பணிமனையில் எல்லாரும் டீயும் பன்னுமாக நிற்கும்போது இவர் மட்டும் டப்பாவைத் திறந்து கடலை மெல்வாராம். மாடு அசைபோடுகிறது என்று கேலி செய்தார்களாம். சிரித்துக்கொண்டே மென்றாராம்.

கட்டின பெண்டாட்டி சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். இப்படி ஒரு வைராக்கியத்தை நான் பார்த்ததில்லை. என்னால் ஒரு வாரம் முடியாது.

ஆனால் முதல் மாதம் இந்த எடை மிஷின் முள் இம்மிகூட அசையவில்லை. மூன்று மாதம் கழித்து வா, அதற்குள் ஏறாவிட்டால் இனி வண்டி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தட்டைத் தள்ளி வைத்தார். எதுக்கு இந்தப் பாடு என்றார்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் தையற்காரி. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், மாற்று யூனிஃபார்ம் சட்டையை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் துளி உள்ளே பிடித்து அடித்துவிட்டேன்.

அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இறுக்குகிறதே என்றார். கடலை டப்பாவை அவரே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் என்ன, ருசி கண்டுவிட்டேன். அவர் முகம் வாடுகிறபோதெல்லாம் ஒரு பிடிப்பு. வீட்டில் எடை மிஷின் இல்லாதது வசதியாகப் போயிற்று.

ஆனால் இங்கே இருக்கிறதே. ரத்தச் சோதனை முடிவு காலையிலேயே வந்துவிட்டது. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் டாக்டர் கேட்ட இடத்தில் நிற்கின்றன. பாக்கி எடை மட்டும்தான். முள் அசையாவிட்டால் ஸ்டியரிங் போகும். சட்டை சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டால் மனிதர் மறுபடி தட்டில் கை வைப்பாரா? நான் பாவி.

ஏறி நின்றார்.

முள் ஓடியது, நடுங்கியது, நின்றது. நர்ஸ் குனிந்து பார்த்தாள். இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் அதே இடம்.

நாலு கிலோ ஏறியிருக்கிறது என்றாள். அடுத்த வாரமே வண்டி எடுக்கலாம் என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. கண் மறைத்தது. அவர் வெறுங்காலோடு என்னிடம் வந்து, காதோரமாகக் குனிந்தார்.

"இனிமே சட்டையப் பிடிக்காத. இப்ப நிஜமாவே பத்தல."



முதல் சட்டையிலேயே தெரியுமாம். பக்கத்தைப் பிடித்த மகராசி காலரைத் தொடவில்லை. வயிறு இறுகியது, கழுத்து மட்டும் பழையபடி தொளதொளவென்று கிடந்ததாம். இத்தனை வருஷம் தைக்கிற எனக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்.

அப்படியானால் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்ததெல்லாம் எனக்காகப் போட்ட கூத்தா? சட்டை இறுகினது பொய் என்று தெரிந்துமா இத்தனை நாளும் மென்றீர்கள் என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ தைச்சது பொய்யாப் போயிடக் கூடாதுல்ல."